பெட்டி இல்லாமல் பேசிய ஹாரன்

வேறு கிரகத்து ஆட்கள் மொட்டைக்கரட்டுப் பஞ்சாயத்து ஆபீசில் வந்து இறங்கி, "பெட்டியை எப்பக் கொண்டாருவீக?" என்று என்னிடம் கேட்டதாக நான் ஒரு நாள் முழுக்க நம்பினேன். ஒரு நாள் என்று சொல்வதே என் மரியாதையைக் காப்பாற்றிக்கொள்ளத்தான். உண்மையில் ஒன்றேகால் நாள். அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. சர்க்கார் ரேடியோ மெக்கானிக். சட்டைப் பையில் டெஸ்டர், டிரங்குப் பெட்டியில் சான்றிதழ். படிக்காதவன் என்றால் பேய் என்று பயந்திருப்பான். நான் படித்தவன் ஆகையால் விஞ்ஞானபூர்வமாகப் பயந்தேன்.

ஊர்ப் பெயரை மாற்றித்தான் எழுதியிருக்கிறேன். திருச்சுழிக்குத் தெற்கே, கருவேலமும் கரம்பையுமாகக் கிடக்கிற ஊர்களில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். மாற்றியது பெயரை மட்டும்தான்.

இதை இப்போது எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் இரண்டு டிவி தொடர்கள். எங்கள் ரேடியோ பராமரிப்புப் பிரிவை மூடிய பிறகு, எனக்கு இளையவர்கள் மூன்று பேர் சேர்ந்து அருப்புக்கோட்டையில் டிவி ரிப்பேர் கடை போட்டார்கள். நான் ஐம்பது தாண்டியதும் ஓய்வு வாங்கிக்கொண்டு, தினமும் அந்தக் கடை பெஞ்சில் உட்கார்ந்து அவர்கள் டீயைக் குடித்துக்கொண்டிருக்கிறேன். ஊரில் வசதியுள்ளவர்கள் எல்லாம் மாடியில் இரும்புக் குழாயை நட்டு, உச்சியில் ஏரியலைக் கட்டி, கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து படம் பிடிக்கிற காலம் இது. கடையில் ரிப்பேருக்கு வந்த செட்டுகளில் வாரத்துக்கு இரண்டு விசித்திரத் தொடர்கள் ஓடும்.

ஒன்று டில்லியிலிருந்து வருவது. மலை மேல் ஒரு பங்களா. அங்கே கடிகாரம் பின்பக்கமாக ஓடும். ஓடுகிறபோதெல்லாம் வீட்டில் ஓர் ஆள் குறையும். மற்றது இலங்கையிலிருந்து. ஒரு துறைமுக ஊர். அந்த ஊரில் யாருக்கும் செவ்வாய்க்கிழமை மட்டும் ஞாபகத்தில் இருப்பதில்லை. புதன்கிழமை காலையில் எழுந்து பார்த்தால் எல்லார் செருப்பிலும் சிவப்பு மண். முன்னது இந்தி, பின்னது இங்கிலீஷ். கடையில் இருக்கிற மூன்று பேருக்கும் இரண்டு பாஷையும் தெரியாது. ஆகவே எது ஒசத்தி என்ற சண்டை எந்தத் தடையும் இல்லாமல் நடக்கும்.

"பங்களாவுல ஆளைக் காணாமப் பண்றது சமையக்காரன்தாம்ப்பா. அவன் மூஞ்சியே சரியில்லை."

"ஏலே, அது அவன் மூஞ்சி இல்ல. நம்ம பூஸ்டர் சரியில்ல."

"செவ்வாக்கிழமை கதைதான் கதை. அவங்க நெசமாவே நட்சத்திரத்துக்குப் போயிட்டு வாராங்க."

"செருப்புப் போட்டுக்கிட்டா?"

கடைசியில் என் பக்கம் திரும்பினார்கள். "அண்ணாச்சி, நீங்க சொல்லுங்க. எது ஒசத்தி?"

"ரெண்டும் குப்பை" என்றேன். "இத்தனை வாரம் ஓடியிருக்கு. ஒருத்தனாவது எந்திரிச்சுப் போயி அந்தக் கடிகாரத்தைத் திறந்து பாத்தானா? ஒரு ஸ்குரூ டிரைவர் கெடையாதா அந்தப் பங்களாவுல?"

"நீங்களா இருந்தா திறந்து பாத்திருப்பீகளாக்கும்?"

"பாத்தேன்டா. என்ன, முதல்ல ஓடினேன். ஓடிட்டு வந்துதான் பாத்தேன்."

எழுதிக் கொடுங்கள் என்று அன்றைக்குப் பிடித்தவர்கள் இன்னும் விடவில்லை.

பயிற்சிக் காலத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. மதுரையில் ஆறு மாதம். ஷாக் அடித்தால் கத்தாமல் இருக்கக் கற்றுக்கொண்டேன். பிறகு அருப்புக்கோட்டையில் வேலை. சுற்றியிருக்கிற பஞ்சாயத்துகளுக்கெல்லாம் சர்க்கார் கொடுத்த ரேடியோப் பெட்டிகள் எங்கள் பொறுப்பு. பஞ்சாயத்து ஆபீசில் மரப்பெட்டிக்குள் செட்டு இருக்கும், பூட்டுப் போட்டிருக்கும். அதிலிருந்து ஒயர் போய்க் கூம்பு ஸ்பீக்கரில் முடியும். அதைத்தான் ஹாரன் என்போம். சாயங்காலமானால் ஊரே அதன் கீழே உட்கார்ந்து விவசாயச் செய்தி கேட்கும். கேட்பது மாதிரி இருக்கும்.

எங்கள் சூப்பர்வைசர் சபாபதி சார். அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. சந்தோஷமாக இருந்தால் "வா, போ" என்பார். கோபம் வந்தால் "வாங்க, போங்க" என்பார். கோபம் முற்றினால் "தாங்கள்" வந்துவிடும். ஒரு தடவை லைன்மேன் ஒருவரை "தாங்கள் அமருங்கள்" என்று சொல்ல, அந்த ஆள் அங்கேயே அழுதுவிட்டார். எந்தப் பெட்டியைத் திறப்பதற்கு முன்னாலும் சார் கையைக் கழுவித் துடைத்துக்கொள்வார். திறந்தபின் ஒரு நிமிஷம் எதையும் தொட மாட்டார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்ப்பார். அந்த ஒரு நிமிஷத்தில் நம் ஜாதகம் முழுக்க அந்தப் பெட்டிக்குள் இருப்பது போல நமக்கு வேர்க்கும்.

அவரிடம் ஒரு ரோஸ் நிறப் படிவம் இருந்தது. எந்தக் கோளாறுக்கும் காரணம் அதில் அச்சடித்த ஏழில் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். வால்வு, டிரான்ஸ்பார்மர், ஏரியல், எர்த், ஒயர், மின்சாரம் ஆகிய ஆறும் மேலே. ஏழாவது, பணியாளரின் கவனக்குறைவு. நான் சேர்ந்த நாளிலிருந்து அந்த ஏழாவது கட்டத்தில் பேனா பட்டு நான் பார்த்ததில்லை. எங்கள் தாலுகாவில் வால்வுகள்தான் கவனக்குறைவாக இருந்தன. நாங்கள் இல்லை.

செட்டைக் கழற்றி எடுத்து வருவதற்கும் முறை உண்டு. செட்டிலிருந்து பிரித்த ஒவ்வொரு ஒயர் நுனிக்கும் தனித்தனியாக டேப் சுற்ற வேண்டும். ஒன்றோடொன்று படாமல் விலக்கிக் கட்ட வேண்டும். அட்டையில் நம்பர் எழுதித் தொங்கவிட வேண்டும். எனக்கு இதெல்லாம் தலைகீழாகத் தெரியும். தெரிவதும் செய்வதும் ஒன்றா?

மொட்டைக்கரட்டில் ஹாரன் இரண்டு. ஒன்று பஞ்சாயத்து ஆபீஸ் கூடத்தில், தலைவர் நாற்காலிக்கு மேலே. இன்னொன்று ரெண்டு பர்லாங்கு தள்ளி, கீழத்தெருவில். கீழத்தெருவாட்கள் அந்தக் கூடத்துக்குள் வருவதில்லை, வரவிட்டதில்லை. மனுப் போட்டுப் போட்டு, மேலிடத்து உத்தரவோடுதான் அவர்களுக்கென்று ஒரு ஹாரன் வந்தது. வந்த நாளிலிருந்து தலைவருக்கு அது கண்ணில் விழுந்த துரும்பு. இரண்டு ஹாரனுக்கும் ஒயர் கூடத்துப் பெட்டியிலிருந்துதான் போகும்.

அந்த வருஷம் மாசியில் செட்டின் டிரான்ஸ்பார்மர் கருகிவிட்டது. நான் போனது நல்ல உச்சி வெயிலில். டேப் தீர்ந்துபோயிருந்தது. திருச்சுழி பஸ்ஸுக்கு அரை மணி நேரம்தான் இருந்தது. செட்டைக் கழற்றினேன். மேல ஹாரன் ஒயர் இரண்டு, கீழ ஹாரன் ஒயர் இரண்டு, நான்கு நுனியும் பெட்டிக்குள் தொங்கின. திரும்பி வரும்போது ஒரே இணைப்பாகக் கொடுத்துவிடலாம் என்று சிவப்பைச் சிவப்போடும் கறுப்பைக் கறுப்போடும் முறுக்கிவிட்டு, பெட்டியைச் சாத்திப் பூட்டிவிட்டு வந்துவிட்டேன்.

இந்த இடத்தில் அந்தக் காலத்து விசித்திரத் தொடர்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். டிவிதான் கிடையாதே தவிர, சண்டை அப்போதும் இதே சண்டைதான். வியாழக்கிழமை சாயங்காலம் ஒரே நேரத்தில் இரண்டு விஞ்ஞான மர்ம நாடகம். நம்ம பக்கத்து நிலையத்தில், தொட்ட பொருளையெல்லாம் மறைய வைக்கிற ஒரு உப்பைக் கண்டுபிடித்த விஞ்ஞானி கதை. கடலுக்கு அந்தப் பக்கத்து நிலையத்தில், உடம்பே இல்லாத நட்சத்திரவாசிகள் கதை. அவர்களுக்குக் குரல் மட்டும்தான் உண்டு. செத்துப்போன ரேடியோப் பெட்டிகள் வழியாகப் பூமிக்குள் வருவார்கள். மொட்டைக்கரட்டில் மேலத்தெரு உப்புக் கட்சி, கீழத்தெரு குரல் கட்சி. செட்டை வேறு நிலையத்துக்குத் திருப்பக் கூடாது என்பது சர்க்கார் விதி. தலையாரியிடம் இருந்த ஒரு வளைந்த ஆணிக்கு அந்த விதி தெரியாது. ஒரு வாரம் உப்பு, ஒரு வாரம் குரல் என்று மாற்றி மாற்றி வைப்பார். அதனால் இரண்டு தெருவுக்கும் இரண்டு கதையிலும் பாதிதான் தெரியும். மீதிப் பாதியை அவரவர் கட்டிக்கொள்வார்கள். கட்டிய பாதிதான் எப்போதும் நன்றாக இருக்கும்.

நான் குரல் கட்சி. அருப்புக்கோட்டை அறையில் ஒரு வாரம் விடாமல் கேட்டு வந்தவன்.

செட்டு எங்கள் பட்டறை மேஜையில் பிரித்துக் கிடக்க, பதினாலாவது நாள் தலையாரி நேரில் வந்தார். "மெக்கானிக்கு, உச்சி நேரத்துல ஹாரன் சிரிக்குது" என்றார். "பொம்பளை சிரிப்பு."

"எந்த ஹாரன்?"

"தலைவர் தலைக்கு மேல இருக்குறது."

"செட்டே இங்கல்ல இருக்கு!"

"அதனாலதான் பஸ்ஸுச் சார்ஜு போட்டு வந்தேன்" என்றார்.

மறுநாள் உச்சி நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். திருச்சுழியில் வாடகை சைக்கிள் எடுத்து மிதித்தேன். தலைவர் இன்னும் வரவில்லை, கூடத்தில் யாரும் இல்லை. தலையாரி சாவியை என் கையில் கொடுத்துவிட்டு, தூரத்தில் மாட்டைப் பார்க்கப் போனார். அவருக்கு மாடு கிடையாது. ஸ்டூலைப் போட்டு ஏறி ஹாரனுக்குள் தலையை விட்டுப் பார்த்தேன். சிலந்தி வலை. "செட்டே இல்லாம எங்கிருந்துடா சத்தம் வரும்" என்று வாய்விட்டுச் சொன்னேன்.

"யாரு அது?" என்றது ஹாரன்.

கிணற்றடியிலிருந்து வருகிற மாதிரி மெல்லிய, தகரக் குரல். நான் அசையவில்லை. தைரியத்தால் இல்லை. கால் கேட்கவில்லை.

"மெக்கானிக்கா?" என்றது மறுபடி.

"ஆ... ஆமா."

"பெட்டியை எப்பக் கொண்டாருவீக? வியாழக்கிழமைக்குள்ள வந்துருமா?"

வேறு கிரகத்து ஆள் 'கொண்டாருவீக' என்று திருச்சுழி மரியாதையில் பேசுவானா என்று நான் அப்போது யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. எவ்வளவு மரியாதையான கிரகம் என்றுதான் தோன்றியது. நாடகத்தில் அவர்கள் பூமிக்கு இறங்குவது வியாழக்கிழமை. இறங்க ஒரு பெட்டி வேண்டும். அந்தப் பெட்டி என் மேஜையில் இருக்கிறது. ஆகப் பூமியின் கதவுக்கு இப்போது சாவிக்காரன் நான். இத்தனையும் என் மூளையில் ஓடி முடிவதற்குள் "அய்யோ தேவரே!" என்று அலறினேன். எங்கள் வீட்டில் பேசுகிற கன்னடத்தில் அது 'கடவுளே'. தறிக்காரக் குடும்பம். வெளியே எத்தனை வருஷம் தமிழ் பேசினாலும் உயிர் போகிற நேரத்தில் அம்மா பேச்சுத்தான் வருகிறது.

டிவி தொடர்களில் குரல் கேட்டால் கதாநாயகன் குரலை நோக்கிப் போகிறான். நான் எதிர்த்திசையில் போனேன். ஸ்டூல் ஒரு பக்கம், செருப்பு ஒன்று ஒரு பக்கம். சைக்கிள் ஸ்டாண்டை எடுக்காமலே ஏறி, ஓடாத சைக்கிளைக் கொஞ்ச தூரம் மிதித்திருக்கிறேன். பிறகு கருவேல முள்ளில் டயர் போனது. அதைத் தள்ளிக்கொண்டு திருச்சுழி வந்து, கடையில் மூன்று கலர் சோடா வரிசையாகக் குடித்தேன். கடைக்காரர் விக்கலா என்று கேட்டார்.

சபாபதி சார் முழுவதையும் கேட்டார். ஒரு தடவை கூடச் சிரிக்கவில்லை. அதுதான் அவமானம்.

"குரல் என்ன சொல்லிச்சு?"

"பெட்டியை எப்பக் கொண்டு வருவீங்கன்னு கேட்டுச்சு சார்."

"நியாயமான கேள்விதானே? பதினஞ்சு நாளாச்சு." ரோஸ் படிவத்தை என் முன் தள்ளினார். "ஏழில் எது?"

"ஏழிலும் இல்ல சார்."

"அப்படின்னா நீங்க இன்னும் பார்க்கலை."

'நீங்க' வந்துவிட்டது. நட்சத்திரவாசிகளைவிட அது பெரிய பயம். மறுநாள், புதன்கிழமை, மறுபடி போனேன். செருப்பு விழுந்த இடத்திலேயே கிடந்தது. கையைக் கழுவினேன். முந்தின நாள் நான் தொடவே தொடாத மரப்பெட்டியைத் திறந்தேன். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு நிமிஷம் பார்த்தேன்.

சிவப்போடு சிவப்பு. கறுப்போடு கறுப்பு. என் கை முறுக்கிய முறுக்கு.

ரேடியோ வேலையில் இருக்கிற எவனுக்கும் அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். ஹாரனுக்குள் ஒரு தகடு உண்டு. ஒயரில் கரண்டு வந்தால் தகடு அதிர்ந்து பேசும். நாம் ஹாரனுக்குள் பேசினால் தகடு அதிர்ந்து ஒயரில் கொஞ்சம் கரண்டு போகும். நடுவில் செட்டு இருந்தால் அது எங்கும் போகாமல் செத்துவிடும். செட்டை எடுத்துவிட்டு இரண்டு ஹாரனையும் நேருக்கு நேர் முடிந்துவிட்டால், இங்கே பேசுவது அங்கே மெல்லக் கேட்கும். அங்கே பேசுவது இங்கே கேட்கும். நான் இரண்டு தெருவுக்கும் டெலிபோன் போட்டுக் கொடுத்துவிட்டு, அதற்குப் பயந்து ஓடியிருக்கிறேன்.

ஒயரைப் பிடித்துக்கொண்டே நடந்தேன். கீழத்தெருவில் கம்பத்தைக் கரையான் தின்று சாய்ந்துவிட்டதால், ஹாரனை ஓரறைப் பள்ளிக்கூடத்து ஜன்னல் கம்பியில் ஆள் மட்டத்துக்குக் கட்டியிருந்தார்கள். கீழே பாய் விரித்து மிளகாய் வற்றல் காய்ந்தது. காவலுக்கு ஒரு பெண், முப்பத்தைந்து வயதிருக்கும், ஹாரன் வாயில் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்தாள். பெயர் பேச்சியம்மாள்.

"நேத்து அலறுனது நீங்கதானா?" என்றாள். "என்னமோ வேத்துப் பாஷையில கத்துனீக. இங்க நாலு பொம்பளைக வத்தலைப் போட்டுட்டு ஓடிட்டாக."

"ஏம்மா, நீங்கதானா பெட்டியைக் கேட்டது?"

"பின்ன? ரெண்டு வாரமா நாடகம் கேக்காம மண்டை காயுது. உப்புக் கதையும் போச்சு, கொரலு கதையும் போச்சு."

என் வாழ்க்கையில் என்னைப் பார்த்து யாரும் பேய் என்று ஓடியதில்லை. உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அதைக் காட்டிக்கொள்ளாமல், "முடிச்சை இப்பவே அவுத்துடறேன்" என்றேன்.

அவள் சட்டென்று குரலைத் தாழ்த்தினாள். ஹாரன் வாயில் முந்தானையைச் சுருட்டி அடைத்துவிட்டுப் பேசினாள்.

"அவுக்காதீக. சனிக்கிழமை வரைக்கும் விட்டுருங்க."

"எதுக்கு?"

"எங்க தெருவுக்குன்னு குடிதண்ணிக் கெணறு உத்தரவாகி வந்திருக்கு. இடம் அளந்து முளையடிக்க ஆபீசர் வரணும். என்னைக்கு வாராருன்னு எங்களுக்குச் சொல்ல மாட்டாக. நாங்க கூலிக்குப் போன நேரமாப் பாத்து, தலைவரு அவரு தோட்டத்து ஓரத்துல முளையடிச்சு வாங்கிக்கப் போறாரு. காண்ட்ராக்டரும் அவரும் ஆபீசு ஹாரனுக்குக் கீழ உக்காந்துதான் தெனம் உச்சிக்குப் பேசுறாக. எல்லாம் எங்களுக்குக் கேக்குது. வெள்ளி, இல்லாட்டி சனி. எந்த நாளு, எந்த நேரம்னு மட்டும் இன்னும் சொல்லலை. அவரு தோட்டத்துக்குள்ள நாங்க போயிக் கொடத்தை எறக்க முடியுமா? நீங்களே சொல்லுங்க."

முடியாது. அது எனக்கும் தெரியும், அந்த வெயிலுக்கும் தெரியும். அவர்கள் அப்போது தண்ணீருக்குப் போய்க்கொண்டிருந்தது ஒன்றரை மைல் தள்ளி இருந்த ஊருணிக்கு. அது பங்குனியில் வற்றிவிடும்.

"தாயி, இது என்னோட தப்பு. மேல தெரிஞ்சா என் வேலைக்கே வம்பு. சரி பண்ணியாகணும்."

"ஒங்க தப்புல எங்களுக்கு ஒரு காது கெடச்சிருக்கு" என்றாள். "சரி பண்ணுறேன்னு அதை அறுத்துறாதீக."

வீரமாகப் பதில் சொன்னேன் என்று எழுத ஆசைதான். நான் சொன்னது, "பாக்கலாம்." திரும்பி வருகிற வழியில் தலைவர் நிறுத்தினார்.

"ஏப்பா மெக்கானிக்கு, பேயும் இல்ல, கீயும் இல்ல. கீழத்தெரு ஹாரன் வந்ததுல இருந்துதான் கோளாறு. அதைக் கழட்டணும்னு எழுதிக் குடு. நான் கையெழுத்துப் போடுறேன்."

அவரிடமும் "பாக்கலாம்" என்றேன். அன்றைக்கு என்னிடம் இருந்தது அந்த ஒரு வார்த்தைதான். ராத்திரி பாயில் கிடந்து நட்சத்திரவாசிகளே தேவலை என்று நினைத்தேன். அவர்கள் கேட்டது பெட்டியை மட்டும்தானே.

வியாழக்கிழமை காலையில் சபாபதி சார், சரிசெய்த செட்டை வேனில் ஏற்றி, என்னையும் ஏற்றிக்கொண்டு தானே வந்துவிட்டார். கூடத்தில் தலைவர் இருந்தார். தலைக்கு மேல் ஹாரன். அதன் மறுமுனையில் யார் யார் காதை வைத்திருக்கிறார்கள் என்று எனக்கு மட்டும் தெரியும். சார் கை கழுவினார். துடைத்தார். பெட்டியைத் திறந்தார். கைகளைப் பின்னால் கட்டினார்.

அந்த ஒரு நிமிஷம் இன்னும் முடியவில்லை எனக்கு.

"இது யாரு முடிச்சு?"

"என்னுது சார்."

"அவிழ்த்துட்டு செட்டை மாட்டுங்க."

நான் ஸ்குரூ டிரைவரை எடுத்தேன். பிறகு அதைப் பைக்குள்ளேயே போட்டேன். முதல் தடவை பையில் விழவில்லை, தரையில் விழுந்தது. எடுத்து மறுபடி போட்டேன்.

"அவுக்க மாட்டேன் சார். சனிக்கிழமை வந்து அவுக்குறேன்."

வேலையில் சேர்ந்து அதுவரை நான் 'மாட்டேன்' என்று சொன்னதில்லை. கேட்டவர்களில் அதிகம் ஆச்சரியப்பட்டது நான்தான்.

"காரணம்?"

"இருக்கு சார். இங்க வச்சுச் சொல்ல முடியாது."

"தாங்கள் யோசித்துத்தான் பேசுகிறீர்களா?"

'தாங்கள்' வந்துவிட்டது. லைன்மேன் அழுத இடம் அது. எனக்கும் கண் கரித்தது. மிளகாய் நெடி என்று வைத்துக்கொள்ளுங்கள். "யோசிச்சுத்தான் சார்" என்றேன்.

சார் முடிச்சைப் பார்த்தார். அதிலிருந்து மேலே போகிற ஒயரைப் பார்த்தார். ஹாரனைப் பார்த்தார். பிறகு தலைவரிடம் திரும்பி, "தினமும் இந்த நாற்காலியில்தான் உட்காருவீங்களா?" என்று கேட்டார்.

"ஆமாங்க. எல்லாப் பேச்சும் இங்கதான். காத்து நல்லா வரும்."

"நல்லது" என்றார் சார். அதற்குமேல் அவர் என்ன புரிந்துகொண்டார் என்பதை எனக்கு அவர் சாகும்வரை சொன்னதில்லை. ரோஸ் படிவத்தை எடுத்து என்னிடம் நீட்டினார். "எழுதுங்க. ஏழாவது கட்டம். சரிசெய்யும் நாள், சனிக்கிழமை. கீழே கையெழுத்து."

எழுதினேன். எங்கள் தாலுகாவில் ஏழாவது கட்டத்தைத் திறந்து வைத்தவன் நான்.

தலைவர் விடவில்லை. "அந்தக் கீழத்தெரு ஹாரனை...?"

"அதைக் கழட்ட வேற படிவம். ஜில்லா ஆபீசுக்குப் போகணும். ஆறு மாசம் ஆகும்" என்றார் சார். செட்டை வேனில் திரும்ப ஏற்றச் சொன்னார். பாலவனத்தத்தில் ஒரு செட்டைப் பார்த்துவிட்டுத்தான் ஆபீசுக்குத் திரும்பினோம். ஆபீஸ் வாசலில் வைத்து ஒரே ஒரு வார்த்தை. "மெமோ நாளைக்கு வரும். வாங்கிக்கோ." கவனித்தீர்களா? 'வாங்கிக்கோங்க' இல்லை.

மெமோ வந்தது. அடுத்த வாரத்திலிருந்து ஆறு மாதம் என்னை வெளியே அனுப்பாமல் ஸ்டோர் ரூமில் செத்த பேட்டரிகளை அடுக்கப் போட்டார்கள். அந்த மெமோவை இன்னும் வைத்திருக்கிறேன். கடைக்காரப் பயல்கள் என் சான்றிதழைப் பார்க்கக் கேட்டால் இதைத்தான் எடுத்துக் காட்டுகிறேன். முறைப்படி டேப் சுற்றியிருக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தப்பு, தப்புத்தான். ஆனால் அந்த முடிச்சை இரண்டு நாள் விட்டுவைத்ததற்கு இதுவரை நான் வருத்தப்பட்டதில்லை, இனியும் படப்போவதில்லை. எழுபதுகளிலும் மொட்டைக்கரட்டுக்கு எத்தனையோ தடவை போயிருக்கிறேன். தலைவர் என்னை ஒரு தடவைகூட உட்காரச் சொன்னதில்லை. நானும் ஒவ்வொரு தடவையும் அவர் நாற்காலிக்குப் பக்கத்திலேயே நின்று, கையை நிதானமாகக் கழுவினேன்.

எது ஒசத்தி என்று கேட்டார்களே, அவர்களுக்கு என் தீர்ப்பு இதுதான். கடிகாரம் பின்னால் ஓடட்டும், செவ்வாய்க்கிழமை காணாமல் போகட்டும். ஆனால் அதனால் யாருக்கு என்ன கிடைத்தது, யாருக்கு என்ன போனது என்று சொல்லாத தொடர் எனக்கு வேண்டாம். மர்மத்தில் பயப்படுகிறவன் ஒருத்தன் என்றால், அதே மர்மத்துக்கு மறுமுனையில் குடத்தை வைத்துக்கொண்டு காத்திருக்கிறவர்களும் இருக்கிறார்கள்.

நடந்தது இவ்வளவுதான். வேன் போன பிறகு, அதே வியாழக்கிழமை உச்சிக்கு, காண்ட்ராக்டர் கூடத்துக்கு வந்தார். "நாளைக்குக் காலம்பற பத்து மணி. கீழத்தெருவைப் பூராவும் மிளகாப் பழம் பறிக்கக் கூப்பிட்டுக்கிருங்க" என்று தலைவரிடம் சொன்னார். பேச்சியம்மாள் கேட்டாள். வெள்ளிக்கிழமை கீழத்தெருவில் ஒருத்தரும் பழம் பறிக்கப் போகவில்லை. வெறுங்குடத்தோடு, உத்தரவில் சொன்ன இடத்தைச் சுற்றி நின்றார்கள். ஆபீசர் ஆச்சரியப்பட்டு, "நான் வர்றது உங்களுக்கு யாரு சொன்னா?" என்று கேட்டார். "ரேடியோவுல சொன்னாக" என்றாள் பேச்சியம்மாள். "செட்டே இல்லையே!" என்றார் தலைவர். ஆபீசர் உத்தரவைப் படித்துப் பார்த்துவிட்டு, அவர்கள் நின்ற இடத்திலேயே முளையை அடித்தார்.

சனிக்கிழமை நான் போய் முடிச்சை அவிழ்த்தேன். நான்கு நுனியும் தனித்தனியாக டேப் சுற்றி, அட்டை கட்டி, செட்டை மாட்டினேன்.